மகராசியின் கன்றுகள்

செடியில் இருக்கும்போது பழம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பறித்தால் போச்சு, விரலுக்குள்ளேயே மணிமணியாக உதிர்ந்தது. தம்பியின் ராஸ்பெர்ரித் தோட்டத்தில் பாதி வரிசைகள் இந்த லட்சணத்தில்தான் நின்றன. வாங்க வந்த வியாபாரி ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவன், மறுபேச்சு பேசாமல் வண்டி ஏறிவிட்டான்.

அக்கா செடிகளுக்கு நோய் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். தம்பி போனில் புலம்பியபோது அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. "வைரஸா இருக்கும்டா. பெரும்பாலும் காட்டுச் செடியிலேருந்துதான் வரும்" என்று போகிற போக்கில் சொல்லி வைத்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவின் வேலி முழுக்கக் காட்டு ராஸ்பெர்ரிதான். யாரும் நடாமல் தானாக வந்து மண்டியது. அந்தம்மா தைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவாள், ரெண்டு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா இலை கிள்ள வந்தாள். வரிசைகளில் கிள்ளினாள், வேலியில் கிள்ளினாள். வாசலை ஒட்டி நின்ற பெரிய புதரிடம் போனதும் தம்பி குறுக்கே வந்தான்.

"மகராசியை எதுக்குக் கிள்ளுறே? அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை."

தோட்டத்தில் இருந்த அத்தனை செடியும் மகராசியின் வேரிலிருந்து பிரித்து நட்ட கன்றுகள்தான். அவள் இலையில் ஒரு புள்ளி பார்த்தவர் கிடையாது.

"ஒரு இலை போனா இளைச்சா போயிடுவா? சும்மா இருடா. முடிவு வர்ற வரைக்கும் வேலியில கை வைக்காதே."

தலையை ஆட்டினான். ஆட்டுகிற தலை என்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது? ரெண்டே நாளில் தையல்காரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, வேலியை வேரோடு பிடுங்கிக் கொளுத்திவிட்டான்.

பரிசோதனைத் தட்டின் குழிகளில் இலைச்சாறு. வைரஸ் இருந்தால் மஞ்சளாகும், இல்லையென்றால் தண்ணீர்போல் இருக்கும். காட்டுச் செடிகளின் குழிகள் அத்தனையும் தெளிவாக இருந்தன. மகராசியின் குழிதான் எல்லாவற்றையும்விட அடர்ந்த மஞ்சள். தனக்கு ஒரு குறையும் இல்லாமல், கன்றுக்குக் கன்று நோயைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அக்கா நம்பாமல் இன்னொரு தட்டு வைத்தாள். அதுவும் அதையேதான் சொன்னது.

இதற்கு மருந்து கிடையாது, பிடுங்கி எறிய வேண்டியதுதான். வேலிச் செடிகளோ இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நோயை அண்டவிடவில்லை. தோட்டத்தைப் புதிதாகத் தொடங்க, நம்பிக் கன்று எடுக்கக்கூடிய செடி அதுதான். அவள் சொன்ன ஒற்றைப் பேச்சில் அது சாம்பலாகிவிட்டது. அக்கா போனில் சொல்லத் தைரியம் வராமல் நேரில் கிளம்பினாள்.

தம்பி குழாயடியில் முழங்கை வரை ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். வெகுநாள் கழித்து முகத்தில் ஒரு தெளிவு.

"மனசு கேக்கலைக்கா. அந்தம்மா ஜன்னல் பக்கம் வெறிச்சோடிக் கிடந்துச்சு. ஒருத்தர் வயித்தெரிச்சல் நமக்கு எதுக்கு? மகராசிகிட்டேருந்து நல்ல கன்னா பிரிச்சு, வேலி முழுக்க நட்டுக் குடுத்துட்டேன்."

ஜன்னலில் தையல்காரம்மா கையில் சொம்போடு நின்று கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "வாம்மா! உன் தம்பி தங்கம்!" என்றாள்.

அக்கா நேராக வேலிக்குப் போனாள். குனிந்து முதல் கன்றைப் பிடுங்கினாள். தம்பி ஈரக் கையோடு ஓடி வந்தான்.

"என்னக்கா பண்றே?"

"மகராசிகிட்டேருந்துதான்டா நோயெல்லாம் வந்திருக்கு." அடுத்த கன்றையும் பிடுங்கினாள். "நான்தான் தப்பா சொல்லிட்டேன். வேலியில ஒண்ணுமே இல்லை."

தம்பி வாசலில் நின்ற மகராசியைத் திரும்பிப் பார்த்தான். தையல்காரம்மா சொம்பை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"அப்போ என் வேலியை எதுக்குப்பா கொளுத்தினே?"