பதமான வார்த்தை

எபனேசரை மில்லில் தூக்கிவிட்டார்கள். கேட்டவர்களிடம் அவன், "நானே நின்னுட்டேன்" என்று சொல்லிவந்தான். இரண்டு வருடம் சொன்னதில் அவனுக்கே அது பாதி நிஜமாகிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூல் மில். நைட் ஷிப்டில் தூங்கியதற்கு மெமோ கொடுத்து விளக்கம் கேட்டார்கள். காலேஜில் பாதிவரை படித்தவன்தான், ஆனால் வளவளவென்று எழுதுவது அவனுக்குப் பிடிக்காது. "தூங்கினேன்" என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டான். மறுநாள் வேலைநீக்க உத்தரவு வந்தது. அதுவும் ஒரே வரிதான்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் எதிரே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு மனு எழுத உட்கார்ந்தான். வார்த்தைக்கு எடை உண்டு என்று அங்கேதான் கற்றுக்கொண்டான். 'அடித்தான்' என்று எழுதினால் ஸ்டேஷனில் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். 'தாக்கினான்' என்று எழுதினால் ரசீது தருவார்கள். அடி ஒன்றுதான்.

சோழபுரத்துப் பாண்டிசெல்வி அவனோடு மில்லில் வேலை பார்த்தவள். ஒருநாள் காலை, ஷிப்ட் முடிந்த கையோடு, தலையெல்லாம் பஞ்சுத் தூசியாக வந்து நின்றாள். கையில் மெமோ.

"தள்ளுவண்டியில செத்த நேரம் சாஞ்சேண்ணே. சூப்பர்வைசர் பாத்துட்டாரு. நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். இன்னும் ரெண்டு மாசத்துல பெர்மனென்ட் ஆயிருவேன். அதுக்குள்ள இப்பிடி."

"தூங்குனியா?"

"தூங்காம? நைட்டு மூணு மணிக்குப் பாட்டா பாடுவாக?"

எபனேசர் பேனாவைத் திறந்தான். 'தூங்கினேன்' கூடவே கூடாது; அதன் விலை அவனுக்குத் தெரியும். "உறங்கினேன்னு போடுவமா?"

"சினிமாப் பாட்டு மாதிரி இருக்கு."

"கண்ணயர்ந்தேன்?"

"மாமியா வீட்டு விருந்துக்குப் போயி மத்தியானம் படுத்த மாதிரி."

"நித்திரைன்னு எழுதினா எங்க சர்ச்சுல கல்லறைக்கு எடுத்துட்டுப் போயிருவாங்க."

அவள் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கொட்டாவியும் வந்தது. அதைப் பார்த்ததும் எபனேசருக்கு வார்த்தை கிடைத்தது.

"மயக்கம். 'மயங்கிச் சாய்ந்தேன்.'"

"பொய்யில்லையாண்ணே?"

"சாஞ்சேன்னு நீதான சொன்ன?"

"சாஞ்சது நெசம்தான்."

"அப்ப பாதி நெசம். மனுவுக்கு இம்புட்டு போதும்."

மில் பயந்தது. வேலை நேரத்தில் ஒருத்தி மயங்கினாள் என்றால் நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து நிற்பார். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள், குளுக்கோஸ் பாக்கெட் கொடுத்தாள். 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று தாளும் வந்தது. பாண்டிசெல்வி அதை மில் வேனில் எல்லோருக்கும் காட்டினாள்.

மெமோ வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். எபனேசர் ஒரே வார்த்தையை இரண்டு பேருக்குக் கொடுக்க மாட்டான். ஒருவருக்குத் தலைசுற்றல். அடுத்தவருக்குக் கிறுகிறுப்பு. அதற்கடுத்து கண்ணிருட்டல், படபடப்பு, உடற்சோர்வு. இவ்வளவு வார்த்தை தனக்குத் தெரியும் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் கர்வமும் வந்தது.

ஒரு மத்தியானம் மில்லின் பர்சனல் ஆபீசர் தேவஇரக்கம் நேரில் வந்தார். மேஜை மேல் ஒரு ஃபைலைப் போட்டார்.

"ஏலே, ஒரே மாசத்துல பதினேழு பேரு. பதினேழு பேருக்கும் வேற வேற நோவு. கையெழுத்து மட்டும் ஒண்ணா இருக்கு. ஊர்ல இப்பிடி ஒரு வியாதி கேள்விப்பட்டதில்ல."

எபனேசர் பேனாவை மூடினான்.

"திட்ட வரலை. ஆபீஸ்ல லெட்டர் எழுத ஆள் வேணும். டே ஷிப்ட். ஃபேன் இருக்கு. வாரியா?"

போனான். மரத்தடி வெக்கையில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் ஃபேனின் அருமை தெரியும்.

முதல் வாரமே வேலை வந்தது. பதினேழு பேரும் நிரந்தரமாகாதவர்கள், நோய் இருப்பதாகத் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள். அனுப்பிவிடுவதற்கு இதைவிட நல்ல காரணம் மில்லுக்குக் கிடைக்காது.

"வேலைநீக்கம்னு போட்டா கேசு, கோர்ட்டுன்னு போவானுவ. பதமா ஒரு வார்த்தை சொல்லு பாப்பம்" என்றார் தேவஇரக்கம்.

எபனேசர் யோசித்தான். 'விடுவிப்பு' பரவாயில்லை, ஆனால் கொஞ்சம் சுடும். கடைசியில் எழுதினான்: "தங்கள் உடல்நலத்தைக் கருத்தில்கொண்டு தங்களுக்குப் பணியிலிருந்து ஓய்வளிக்கப்படுகிறது."

"அடேயப்பா, கேக்கவே சுகமா இருக்குலே" என்று பட்டியலைக் கொடுத்தார். முதல் பெயர் பாண்டிசெல்வி. எபனேசர் பதினேழையும் எழுதி முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அவன் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நல்லா எழுதியிருக்கீக. படிச்சப்ப கோவமே வரலை. ரெண்டாந்தடவ படிச்ச பொறவுதான் வேலை போயிட்டுன்னே வெளங்குச்சு."

"எனக்கும் வேற வழியில்ல பாண்டிசெல்வி."

"இருக்கட்டும். இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடுங்க. எனக்கு ஒரு நோவும் இல்ல. நான் மயங்கலை, தூங்குனேன்னு."

எபனேசர் அவளைப் பார்த்தான். அன்றைக்கு எழுதக் கூடாதென்று ஒதுக்கிய வார்த்தையைத்தான் இன்று கேட்கிறாள். அவளுக்கு வேறு வார்த்தை மிச்சமில்லை.

"என் கையெழுத்து அவிய கண்ணுக்குத் தெரிஞ்சிரும். நீயே எழுது."

அவள் அங்கேயே, சுவரில் தாளை வைத்து, கோணல்மாணலாக எழுதினாள். "தூங்கிட்டேன். மன்னிக்கவும்." 'தூங்கிவிட்டேன்' என்று திருத்த எபனேசரின் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை அந்தத் தாள் அவன் மேஜைக்கே வந்தது. தேவஇரக்கத்துக்கு நிம்மதி.

"தூங்குனேன்னு அவளே ஒத்துக்கிட்டா. இனி பதமெல்லாம் எதுக்கு? நேரா போடு."

எபனேசருக்கு இந்தமுறை வார்த்தை தேடும் வேலை இல்லை. அவனுக்கு வந்த உத்தரவின் நகல் பழைய ஃபைலில் இருந்தது. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினான்.

சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஸ்பின்னிங் செக்ஷன் காமராஜ் கேட்டான்: "ஏலே, பாண்டிசெல்வியத் தூக்கிட்டாங்களாமே?"

எபனேசர் டீயை ஒரு வாய் குடித்தான்.

"இல்லலே," என்றான். "அவளே நின்னுட்டா."