அத்தானின் முன்பல் சந்து

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவரை எல்லோரும் பல் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் முன்னறையில் அளவெடுப்பார். சீட்டு பின்னறைக்கு வரும். அன்று வந்த சீட்டில் இருந்த பெயரை மேஸ்திரி இரண்டு தடவை படித்தார். அக்கா புருஷன். சாட்சாத் அத்தானேதான்.

பதினோரு வருடம் முன்பு மேஸ்திரியின் மகள் கல்யாணத்தில் அத்தானுக்கு முன்வரிசையில் நாற்காலி போட மறந்துபோனார்கள். மனுஷன் சபை நடுவிலேயே குதித்தார். "வாய்க்குள்ள கையை விட்டுப் பிழைக்கிற உன் வீட்டுல என் பொண்டாட்டிக்கு என்னடா வேலை?" அன்றோடு அக்கா வருவது நின்றது. ஒரே ஆலயத்துக்குத்தான் போகிறார்கள். அக்கா தூரத்திலிருந்து பார்ப்பாள், அவ்வளவுதான். மேஸ்திரி தினமும் அத்தானுக்காக ஜெபித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவர் அத்தான்தான். ஈறு கெட்டு எல்லாப் பல்லையும் எடுத்த பிறகு ஒரு வருடமாக வாசிப்பதில்லை. கடைசி பெஞ்சில் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா முகத்திலும் களை இல்லை.

மேஸ்திரி முதலில் போட்டுப் பார்ப்பதற்காக மெழுகில் பற்களை வரிசையாக, அழகாகப் பதித்து அனுப்பினார். முன்னறையில் அத்தான் வாயில் வைத்துப் பேசிப் பார்த்தார். 'ச' வருகிற இடமெல்லாம் சீட்டிச் சத்தம். டாக்டர் மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

மேஸ்திரியைக் கண்டதும் அத்தான் பல்செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

"இவன் செஞ்சதா? எனக்கு வேணாம்."

விறுவிறுவென்று போய்விட்டார்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இப்பதான் அவர் வாய் உங்க கையில சிக்கியிருக்கு. எத்தனை நாளைக்குப் பொக்கை வாயோட இருப்பார்? திரும்பி வருவார். உங்க அக்காவை அனுப்பினாத்தான் பல்லுன்னு கறாராச் சொல்லிடுங்க."

பொய் சொல்வானேன், மேஸ்திரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அக்கா தன் வீட்டு வாசல்படி ஏறி வருவதைக் கண்ணால் பார்த்தே விட்டார். மறுநாள் காலை ஜெபத்தில்தான் உறைத்தது. ஆண்டவர் தன்னை நேசிக்க ஒரு நிபந்தனையும் போடவில்லை. போட்டிருந்தால் தான் தேறியிருக்க முடியாது. அத்தானிடம் மட்டும் எந்த முகத்தோடு பேரம் பேசுவது?

வேலைக்கு உட்கார்ந்தார். எங்கே பிசகியது என்று மண்டையைக் குடைந்தார். அத்தானின் பழைய வாயை நினைவுக்குக் கொண்டுவர, அந்தக் கல்யாணச் சண்டையை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தார். நூறு தடவை ஓட்டிய காட்சிதான். இந்த முறை வசவை விட்டுவிட்டு வாயை மட்டும் பார்த்தார். மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து! ஐம்பது வருடம் அந்தச் சந்தை நம்பிப் பேசிய நாக்கு. அதை மூடினால் சீட்டியடிக்காமல் என்ன செய்யும்? அழகாக இருக்கட்டும் என்று அடைத்துத் தொலைத்தது தன் தப்புதான்.

முன்பல் இரண்டையும் பிரித்தார். மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். எந்த வாய்க்கும் அவர் இவ்வளவு பாடுபட்டதில்லை.

நாலாம் நாள் அத்தான் வந்தார். யாரையும் பார்க்காமல் பல்செட்டை மாட்டினார். கண்ணாடியை எடுத்தார். உதட்டைத் தூக்கி முன்பல்லைப் பார்த்தார்.

"சனியனே," என்றார். சீட்டி இல்லை. சுத்தமான 'ச'. மேஸ்திரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எதுக்குடா சிரிக்கிற? இந்தச் சந்து உனக்கு எப்படிடா ஞாபகம் இருந்துச்சு?"

"அது வழியாத்தானே அத்தான் என்னைத் திட்டுனீங்க!"

அத்தான் பல்செட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். நன்றி என்ற பேச்சே இல்லை. அக்காவைப் பற்றி மேஸ்திரியும் கேட்கவில்லை.

மெழுகு போய் நிஜப் பல்செட் வாய்க்கு வந்த அடுத்த ஞாயிறு அத்தான் வேதபாடம் வாசிக்க எழுந்தார். அதே கணீர்க் குரல். மேஸ்திரி ஒவ்வொரு 'ச'வையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். முடித்ததும் அத்தான் இவர் பெஞ்சைத் தாண்டி, திரும்பியும் பார்க்காமல் போனார்.

"கல் நெஞ்சு," என்று மனைவி முணுமுணுத்தாள்.

மேஸ்திரி அவளைக் கவனிக்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அக்கா, புருஷனைப் பார்த்து, ஒரு வருடத்துக்குப் பிறகு வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.