இருசம்மாள் வீட்டுக் கூழ்

ஆடி மாதம் அம்மன் கோயிலுக்குக் கூழ் காய்ச்ச வீடு வீடாகக் கேழ்வரகு மாவு வாங்குவது அந்த ரப்பர்த் தோட்டத்து வழக்கம். எல்லா வீட்டு மாவும் ஒரே அண்டாவில் கலந்து கொதிக்கும். எந்த வீட்டு மாவு அதில் இல்லையோ, அந்த வீட்டைத் தோட்டம் ஒதுக்கிவிட்டது என்று அர்த்தம். தொண்ணூற்றாறாம் வருஷம், உறுமி மேளத்தோடு வந்த கூட்டம் இருசம்மாள் வாசலில் நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போனது. மாவுக் கிண்ணத்தோடு அவள் நின்றதைப் பார்க்காதவர் யாருமில்லை. பார்த்தும் பாராத மாதிரி நடப்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

காரணம் அவள் மகன் கவிநேசன். போன மாதம்தான் ஜெயிலிலிருந்து வந்திருந்தான். பரமேஸ்வரன் என்றொருவன் ‘இனக் காப்புப் படை’ என்று பெயர் வைத்து, வேலையில்லாத பையன்களுக்குக் கறுப்புச் சட்டை மாட்டிவிட்டிருந்தான். வேற்று இனத்தில் கல்யாணம் செய்தவர்கள் எல்லாம் துரோகிகள் என்பது அவன் பாடம். பக்கத்து டவுனான புலாவ் செபாங்கில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சுகுமாரனின் மகள் ஷாந்தினி ஒரு சீனப் பையனைக் கட்டிக்கொண்டாள். படை போய் ஸ்டூடியோவைக் கொளுத்தியது. சந்து முனையில் காவலுக்கு நின்ற கவிநேசன் மாட்டிக்கொண்டான். ஏவிவிட்ட பரமேஸ்வரன் மேல் தூசி கூடப் படவில்லை.

ஜெயிலுக்கு அவள் பார்க்கப் போனபோது ஆரம்பத்திலெல்லாம் அவன் படைப் பேச்சுதான் பேசினான். பிறகு ஒருநாள், “அந்த ஷாந்தினி நல்லா இருக்காளாம்மா?” என்று கேட்டான். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் இருசம்மாள் அழுதாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

அந்தப் பிள்ளையைத்தான் இப்போது யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பரமேஸ்வரனின் வெள்ளைக் கார் மட்டும் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையின் முனையில் வந்து வந்து நின்றது. இன்னொரு தடவை அவனிடம் விட்டால் பிள்ளை பிணமாகத்தான் திரும்புவான் என்று அவளுக்குத் தெரிந்தது. கோயில் தலைவர் தம்புசாமியிடம் நேரே போனாள்.

“எங்க வூட்டு மாவுக்கு என்னாண்ணே கேடு?”

“கோவிச்சுக்காத தங்கச்சி. சுகுமாரன் வர்றாரு. அன்னதானம் அவரு உபயம்லா. அவரு கண்ணு முன்னாடி உன் வூட்டு மாவ எப்படிப் போடுறது? மனசு நோவாதா?”

“அவரு வேணான்னாரா?”

“பெரிய மனுசன் வாயத் தொறந்து சொல்லணுமா? நாமளா பாத்து நடந்துக்கணும்.”

“அப்ப நானும் நானாவே பாத்துக்கிறேன்” என்று கிளம்பி வந்துவிட்டாள்.

திருவிழா அன்று கோயிலுக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், அவள் தனியாக அடுப்புக் கூட்டினாள். கவிநேசன் விறகு கொண்டுவந்து போட்டான். கூழ் கொதித்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கூடச் சாலையைத் தாண்டவில்லை. தாண்டி வந்தது அந்த வெள்ளைக் கார்தான். பின்னாலேயே ஒரு வேன் நிறையக் கறுப்புச் சட்டைகள்.

“பாத்தீங்களாம்மா உங்க ஆளுங்க லட்சணத்த?” என்று பரமேஸ்வரன் சிரித்துக்கொண்டே இறங்கினான். “உங்க கூழ நாங்க குடிக்கிறோம். தம்பி, உன் சட்டை கார்ல பத்திரமா இருக்கு.”

இருசம்மாள் அகப்பையை ஓங்கினாள். “கொதிக்கிற கூழுடா இது. மூஞ்சில ஊத்துறதுக்குள்ள ஓடிப் போயிரு!”

“அவன் சொல்லட்டுமே.”

கவிநேசன் கோயில் பக்கம் பார்த்தான். அத்தனை முகங்களும் தரையைப் பார்த்தன. போய்விடுவான் என்றே இருசம்மாள் நினைத்தாள்.

அவன் ஈரச் சாக்கால் பானையைப் பிடித்துத் தூக்கினான். சாலையைத் தாண்டினான். உபயக்காரர் நாற்காலியில் சுகுமாரன் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்ற தம்புசாமியின் காலடியில் பானையை இறக்கினான்.

“அண்டாவுல ஊத்துறதுன்னா ஊத்துங்க. இல்ல, தரையில கொட்டுங்க. கொட்டினாலும் நான் அந்தக் கார்ல ஏறமாட்டேன். நாளைக்கும் இங்கதான் இருப்பேன்.”

தம்புசாமி பதறிப்போய் சுகுமாரனிடம் குனிந்தார். “மன்னிச்சுக்குங்க. உங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் இவங்க மாவே வாங்கல.”

“என்னைக் கேட்டீங்களா?” சுகுமாரன் எழுந்தார். “என் பேரச் சொல்லி இவனை வெளிய தள்ளுறீங்க. வெளிய எவன் நிக்கிறான்னு பாருங்கலா! என் கடைய எரிச்சவனுக்கு நானே ஆள் புடிச்சுக் குடுக்கணுமா?”

பக்கத்தில் கிடந்த செம்பை எடுத்துப் பானையில் மொண்டு அண்டாவில் ஊற்றினார். பிறகு கவிநேசன் பக்கம் திரும்பினார்.

“உன்னை நான் மன்னிக்கலடா. மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா அவனுக்கு உன்னைக் குடுக்க மாட்டேன்.”

சாலைக்கு இந்தப் பக்கம் தனியாக நின்ற இருசம்மாளுக்கு அது ஒரு சொல் விடாமல் கேட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காரில் சாய்ந்திருந்தவன் பக்கம் திரும்பி, தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“கேட்டுச்சாடா? குடுக்க மாட்டாங்களாம்!”