வெறுஞ்சட்டிப் படம்

டக்சாயினி இன்றைக்கும் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். வகுப்பில் யாரோ அவளுடைய மேசையில் பாண் துண்டு ஒன்றை வைத்து, “பாவம், சாப்பிடு” என்று சிரித்திருக்கிறார்கள்.

தாய் யூலிற்றாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. கணவன் வின்சனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வெளிக்கிடுங்கோ. சதீசின்ர கடைக்குப் போவம்.”

“நான் என்னத்துக்கு?”

“நீங்கள்தானே செத்தவர்! நீங்கள் வராமல்?”

விஷயம் இதுதான். போனில் ஒரு படம் எடுத்தால், அன்று மாலையே ஒரு கொப்பியில் அந்தப் படத்துக்கு நாலு வரி எழுதி வைப்பது யூலிற்றாவின் பழக்கம். யார் வந்தது, என்ன கதைத்தது, ஏன் சிரித்தது, எல்லாம் இருக்கும். படத்தில் வாசமும் வராது, சத்தமும் கேட்காது என்பது அவளுடைய கட்சி. படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போகும். எழுத்து வீட்டோடு இருக்கும்.

போன கிழமை அவள் போட்ட படத்தில் கறிச்சட்டி துடைத்து வைத்ததுபோல் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் டக்சாயினி வயிற்றைப் பிடித்தபடி, கண் சொருக, சுவரில் சாய்ந்திருந்தாள். முல்லைத்தீவு பஸ் நிலையத்தடியில் போன் கடை வைத்திருக்கும் சதீஸ் அதை அப்படியே உருவித் தன் யூடியூப் சேனலில் ஏற்றிவிட்டான். பின்னணியில் அழுகிற வயலின். மேலே கொட்டை எழுத்தில், ‘தந்தையைக் கடல் கொண்டது! பட்டினியில் துடிக்கும் சிறுமி!’ கீழே, உதவி அனுப்ப அவனுடைய வங்கிக் கணக்கு.

கடைக்குள் நுழைந்ததும் சதீஸ் பல்லைக் காட்டினான். “வாங்கோ அக்கா, போனுக்குக் காசு ரீலோட்டோ?”

“இவர் ஆரெண்டு தெரியுதே?”

சதீசின் முகம் வெளிறியது. “வின்சன் அண்ணை... நீங்கள் கடற்கரை மீன்வாடியிலை எல்லோ, தொழிலுக்கு?”

“ஓம், மீன் பிடிக்கத்தான் போனனான். அதுக்குள்ளை நீ என்னைக் கடலுக்கை தாட்டுப்போட்டாய்,” என்றான் வின்சன். “நான் செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாடும் நீதானோ தாறாய்?”

ரீலோட் போட வந்து நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“அது ஒரு நல்லெண்ணத்திலை அக்கா. இப்பிடிப் போட்டாத்தான் சனம் பாக்கும்.”

“ஆரின்ர பிள்ளையை ஆரைக் கேட்டுப் போட்டனீர்?”

“நீங்கள்தானே ஸ்டேட்டஸிலை போட்டனீங்கள்...”

அந்தப் பதில்தான் அவளைச் சுட்டது. கொப்பியைக் கண்ணாடி மேசையில் அறைந்து விரித்தாள். கடை அதிர வாசித்தாள்.

‘இவர் கொண்டுவந்த நண்டில் கறி. டக்சாயினி மூன்று தரம் சோறு வாங்கினாள். சட்டியை வழித்ததும் அவளே. எழும்ப ஏலாமல் சுவரில் சாய்ந்துகொண்டு, வயிறு வெடிக்கப்போகுது அம்மா என்கிறாள். சிரித்துச் சிரித்து இவருக்குப் புரைக்கேறியது.’

“விளங்குதே தம்பி? இதுதான் உம்மட பட்டினி!”

சதீசின் கண் கொப்பியை விட்டு அகலவில்லை. “அக்கா, நல்லாயிருக்கு. இதை நீங்கள் கொஞ்சம் அழுதுகொண்டு வாசிச்சியள் எண்டா, இரண்டாம் பாகம்...”

“அழுறதோ? நண்டுக் கறிக்கோ?” யூலிற்றாவின் குரல் தெருவுக்குக் கேட்டது. “போடும் லைவ்! வெட்டாமல், ஒட்டாமல், வயலின் இல்லாமல். இப்பவே!”

அவன் தயங்கினான். வின்சன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். “போடு தம்பி, என்ன பயம்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

போட்டான். யூலிற்றா ஒரு சொல் விடாமல் மறுபடி வாசித்தாள். வின்சன் இடையில் தலையை நீட்டி, “செத்தவர் சுகமாயிருக்கிறன்” என்றான். அவள் போனைப் பறித்துச் சதீசின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இனி நீர் சொல்லும். ஆரைக் கேட்டனீர்?”

“கேக்கேல்லை,” என்றான் சதீஸ், பொறியில் அகப்பட்ட எலிபோல. வீடியோவை அழிப்பதாகவும், அனுப்பினவர்களுக்குக் காசைத் திருப்புவதாகவும் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டான்.

வீடு திரும்பியபோது டக்சாயினி வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டு நேசமலரின் போனில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். கண்ணில் நெருப்பு.

“அம்மா! நான் மூண்டு தரம் சோறு வாங்கினதை ஊருக்கெல்லாம் சொல்ல என்னைக் கேட்டனீங்களோ?”

கடையில் வராத தடுமாற்றம் யூலிற்றாவுக்கு இப்போது வந்தது. “கேக்கேல்லை, பிள்ளை.”

“அதோடை மூண்டு இல்லை, ரெண்டு! மூண்டாவது அப்பாவுக்கெண்டு போட்டது.”

“அதையும் தின்னது நீதானே,” என்றான் வின்சன்.

“நீங்கள் செத்தவர், பேசாமல் இருங்கோ!”

கொப்பியைப் பறித்தாள். ‘மூன்று’ என்பதைப் பேனையால் அழுத்தி வெட்டி, ‘இரண்டு’ என்று எழுதினாள்.

“நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை நானே போய்ச் சொல்லுறன். பாண் வைச்சவளுக்குத்தான் முதல். என்ர வெள்ளைச் சட்டையைத் தோய்ச்சனீங்களோ, இல்லையோ?”