என் திருத்திய ஜெபங்கள்

என் குரல்வளையில் சின்னதாக ஒரு கட்டி வந்திருந்தது. மருத்துவர் அதை எடுத்துவிட்டு, "மூணு வாரம் பேசவே கூடாது. கிசுகிசுன்னுகூட பேசக் கூடாது" என்றார். என் கணவருக்கு வந்த சந்தோஷத்தை அவர் மறைக்கக்கூட முயலவில்லை. "வீட்டுக்கு ஒரு வாயில்லாப் பூச்சி வேணும்னு கல்யாணமான நாள்லேருந்து ஜெபம் பண்றேன் டாக்டர். ஆண்டவர் லேட்டா கேட்டாலும் கேட்டுட்டார்" என்றார். பதிலுக்கு என்னால் முறைக்கத்தான் முடிந்தது.

வீட்டில் பேசாமல் இருந்துவிடலாம். நான் வேலை பார்க்கும் திரைச்சீலைக் கடையிலும் சமாளித்துவிடலாம். அங்கே மற்றவர்கள் தைத்ததைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. கோணல் தையலைப் பிரிக்க வாய் எதற்கு, சின்னக் கத்தி போதும். என் கவலையெல்லாம் வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான். பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் ஜெபக்குழு கூடுகிறது. மொத்தம் ஒன்பது பேர். பாட்டு எடுப்பது, வேதம் வாசிப்பது, விளக்கம் சொல்வது, முடிவு ஜெபம் எல்லாமே நான்தான்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் போதகர் என்னைப் பார்க்க வந்தார். "உங்களுக்குப் பதிலா யாரும்மா நடத்துவாங்க?" என்று கேட்டார். நான் கையிலிருந்த சிலேட்டில் 'யாரும் இல்லை' என்று எழுதிக் காட்டினேன். கொஞ்சம் பெருமையோடுதான் எழுதினேன், பொய் சொல்லக் கூடாது.

அவர் சிரிக்கவில்லை. "பதினோரு வருஷம்மா. ஒருத்தரைக்கூடவா வளர்த்துவிடல?" என்றார். சுருக்கென்று இருந்தது. நாலாவது வாரம் வந்து பார்ப்பதாகவும், அதற்குள் நடத்துவதற்கு யாராவது எழும்பாவிட்டால் எங்களைப் பெரிய தெருக் குழுவோடு சேர்த்துவிடப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய தெருவில் நாற்பது பேர் கூடுவார்கள். எங்களில் எட்டுப் பேர் எப்படியோ போய்விடுவோம். ஓட்டுநர் அண்ணன் போகமாட்டார். அவருடைய பேருந்து எங்கள் தெருமுனையில் ஐந்து ஐம்பதுக்கு வந்து நிற்கும். சீருடையோடு அப்படியே வந்து, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் மனிதர்களோடு உட்காரும் ஒரே இடம் அந்த நாற்காலிதான். வாயைத் திறந்து ஜெபிக்கமாட்டார், ஆனால் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. குழு கலைந்தால் அவர் வேறெங்கும் போகமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சிலேட்டும் கையுமாக ஒவ்வொருவரையும் கேட்டேன். பல் மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கும் பெண் தனக்குக் கூச்சம் என்றாள். என் கணவர் தனக்குத் தூக்கம் என்றார். எல்லோரும் கையை விரித்தார்கள்.

மாடிவீட்டு அக்கா, அதாவது என் ஓரகத்தி, அன்று என் சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் பிரிவில் வேலை. கை ஓயாது, வாய் அதிகம் பேசாது. 'ஏன் யாரும் முன்வரவில்லை?' என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சொன்னா கோவிச்சுக்குவ."

நான் சிலேட்டை மறுபடியும் தட்டினேன்.

"நாங்க ஜெபிச்சு முடிச்சதும், அதையே நீ மறுபடி ஒருக்கா ஜெபிப்ப இல்ல? அதுக்கு நாங்க ஒரு பேரு வச்சிருக்கோம். திருத்திய பதிப்பு."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"போன மாசம் என் முட்டிவலிக்காக ஜெபிச்சேன். நீ உடனே, 'ஆண்டவரே, அக்கா உண்மையில் கேட்பது பொறுமையை'ன்னுட்ட. எனக்கு எதுக்குடி பொறுமை? முட்டி சரியானா போதும்." தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "நீ கெட்டவ இல்ல. முந்திரிக்கொட்டை, அவ்வளவுதான். ஆனா உன் முன்னாடி வாயைத் திறக்கணும்னா பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு."

பல்பம் இரண்டாக உடையும்படி அழுத்தி எழுதினேன்: 'அப்படியானால் நீங்களே நடத்துங்கள்!' கோபத்தில் எழுதியதுதான். அழிப்பதற்குள் அக்கா வாசித்துவிட்டு, "சரி" என்றார்.

என்ன செய்வது, நானே வெட்டிய குழி. நாலு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே எல்லோரையும் பார்க்க வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. முதல் வரியில் 'முதலாம் அதிகாரம்' என்று சிவப்பில் கோடிட்டிருந்தேன். எந்தப் புத்தகத்தின் முதலாம் அதிகாரம் என்று மட்டும் எழுதவில்லை.

அக்கா சொன்னபடி செய்கிறவர். வெள்ளிக்கிழமை புதிய ஏற்பாட்டைத் திறந்து, முதல் புத்தகத்தின் முதலாம் அதிகாரத்தை வாசிக்க ஆரம்பித்தார். அது வம்ச அட்டவணை. இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று வரிசையாகப் பெயர்கள்தான். ஒவ்வொரு பெயரிலும் அக்கா தடுக்கி விழுந்து, எழுந்து, அடுத்ததில் விழுந்தார். 'இது இல்லை!' என்று எழுதித் தூக்கிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. 'விட்டுவிட்டு வேறு வாசியுங்கள்!' என்று எழுதி ஆட்டினேன். அக்கா எட்டி என் கையிலிருந்த சிலேட்டை வாங்கி, நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், வீட்டுக்காரர்தான்.

கடைசிப் பெயர்வரை வாசித்துவிட்டு அக்கா புத்தகத்தை மடியில் வைத்தார்.

"இதுல பாதிப் பேரு யாருன்னே எனக்குத் தெரியாது. விளக்கம் சொல்லவும் எனக்கு வராது. ஆனா இதை எழுதினவரு ஒரு பேரையும் விட்டுடக் கூடாதுன்னு நினைச்சிருக்காரு. நாமளும் ஆளுக்கு ஒரு பேரு சொல்லுவோம். ஏன், எதுக்குன்னு சொல்ல வேணாம். ஆண்டவருக்குத் தெரியும்."

நானாக இருந்தால் முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல எதுவும் மிச்சம் இருந்திருக்காது. இப்போது ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். சீட்டுக் கொடுக்கும் பெண் தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள். கதவுப்பக்க நாற்காலியின் முறை வந்தபோது, தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஓட்டுநர் அண்ணன் தன் மனைவியின் பெயரைச் சொன்னார்.

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "சமையலறை லைட்டை அணைக்கவே மாட்டா. தினமும் அதுக்கு ஒரு சண்டை. இப்ப நானும் அணைக்கிறதில்ல" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "ஆண்டவரே, உங்க மேல எனக்கு இன்னும் கோவம் போகல."

என் வாய் தானாகத் திறந்தது. குரல் இல்லை. திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த 'இன்னும்' எனக்கு உறைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன், அடக்கம் முடிந்த அதே மாதம், இதே அறையில் ஆண்டவர்மேல் கோபம் என்று அவர் சொல்லியிருந்தார். நான் ஒரு மூச்சுக்கூட விடாமல், 'ஆண்டவரே, அண்ணன் மனமறிந்து அப்படிச் சொல்லவில்லை, துக்கத்தில் வாய் தவறிவிட்டது, மன்னியும்' என்று திருத்திவிட்டேன். அவர் மனமறிந்துதான் சொன்னார். அதன்பிறகு இந்த அறையில் அவர் வாயைத் திறக்கவே இல்லை. நான் அதைச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்ததும் அக்காவிடமிருந்து சிலேட்டை வாங்கி, 'அன்று உங்கள் ஜெபத்தை நான் திருத்தினேன். தப்பு. மன்னித்துவிடுங்கள்' என்று எழுதி அண்ணனிடம் நீட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சிலேட்டைச் சுத்தமாகத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"அழிச்சாச்சு, தங்கச்சி."

அடுத்த இரண்டு வாரமும் வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன். அவர் கேட்காத பதில்கள் என் நாக்கு நுனிவரை வந்து குதித்தன, இருந்தாலும் மென்று விழுங்கினேன். "எல்லாரும் சும்மா இருந்தா என்ன செய்யணும்?" என்று ஒருநாள் கேட்டார். யோசித்து, 'நீங்களும் சும்மா இருங்கள்' என்று எழுதினேன். எழுதிவிட்டு, இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்று இருந்தது. சொல்லியிருப்பார்கள். நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை காலையில் மருத்துவர் எனக்கு அனுமதி கொடுத்தார். "சின்ன வார்த்தையா ஆரம்பிங்க" என்றார். "இன்னிக்கு அணை உடையப் போகுது, எல்லாரும் மேடான இடமா பார்த்துப் போங்க" என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். உண்மைதான், மூன்று வாரமாக ஒரு நீளமான ஜெபத்தைச் சேர்த்து வைத்திருந்தேன்.

போதகரும் வந்து பின்னால் உட்கார்ந்தார். சீட்டுக் கொடுக்கும் பெண் கூச்சத்தோடேயே பாட்டு எடுத்தாள். அக்கா வாசித்தார். நான் முடிவு ஜெபத்துக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டபோது, அக்கா, "அண்ணே, நீங்க முடிங்க" என்றார்.

ஓட்டுநர் அண்ணன் வெகுநேரம் சும்மா இருந்தார். அக்காவும் சும்மா இருந்தார்.

"ஆண்டவரே, கோவம் இருக்கு. முழுசாப் போகல. ஆனா வெள்ளிக்கிழமையானா உங்ககிட்ட வரணும்னு தோணுது. இவங்க எல்லாரையும் பார்த்துக்கோங்க. அக்கா முட்டியையும்." அதோடு நின்றுவிட்டார். எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒவ்வொருவராக ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். திருத்திய பதிப்புக்காகக் காத்திருந்தார்கள். அண்ணன் மட்டும் தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

"ஆமென்" என்றேன். கரகரவென்றுதான் வந்தது.

அண்ணன் நிமிர்ந்தார். "அவ்வளவுதானா தங்கச்சி?"

"அவ்வளவுதான் அண்ணே."

அக்கா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார், வலித்தது. போதகர் பின்னாலிருந்து, "அடுத்த வாரம் யார் நடத்துறீங்க?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கதவுப்பக்கம் பார்த்தார்.

ஓட்டுநர் அண்ணன் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "நான் வேணா பார்க்கிறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எந்த அதிகாரம்னு மட்டும் எழுதிக் குடு தங்கச்சி. எந்தப் புத்தகம்னும் சேர்த்து எழுது."