யார் அடித்தது என்று கேட்டவள்

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த அக்காவின் ஈரத்தலையைத் துவட்டிச் சீவிக்கொண்டிருந்தாள் தங்கை. இடது காதுக்குப் பின்னால் வந்ததும் சீப்பு மெதுவாகப் போயிற்று. அங்கே ஒரு தழும்பு. படியில் விழுந்தது என்று அம்மா கடைசிவரை சாதித்தாள். தள்ளிவிட்டது அண்ணன். அந்த வீட்டில் அதற்குப் பெயர் விளையாட்டு.

உடன்பிறந்தவர்களிடம் அடிவாங்கி வளர்ந்தவர்களைப் பற்றி ஆராயப்போகிறேன் என்று அக்கா சொன்னபோது துறைத்தலைவர் சிரித்துவிட்டாராம். "அடிச்சுக்காத பிள்ளைங்க எந்த வீட்லம்மா இருக்கு?"

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா சண்டை சார். ஒருத்தரே அடிச்சு, ஒருத்தரே பயந்துக்கிட்டிருந்தா அதுக்குப் பேரு வேற."

அதன்பின் தலை நரைக்கும்வரை அப்படி வளர்ந்தவர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தாள். யாரும் கேட்காததைக் கேட்டாள். கேட்டுவிட்டு, அவர்கள் அழுது முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டாள். காயத்தோடு வரும் பிள்ளையிடம் அண்ணனையும் அக்காவையும் பற்றிக்கூட இன்று சில மருத்துவமனைகளில் விசாரிக்கிறார்கள் என்றால், அவளுடைய விடாப்பிடிதான் காரணம்.

சித்தப்பா எட்டிப்பார்த்தார். "மயானத்துக்கு வண்டி வந்துருச்சு. தலைப்பக்கம் உங்கண்ணன் பிடிக்கட்டும். கூடப் பிறந்தவன் இல்லையா?"

அண்ணன் செருமினால் இன்றும் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுபவள் தங்கை. ஆனால் ஆஸ்பத்திரியில் அக்கா தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "வந்தா வரட்டும், உக்காரட்டும். என்னைத் தொட மட்டும் வேண்டாம்."

வாசலில் அண்ணன் சட்டைக்கையை மடித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க தூக்க வேண்டாம்ணா."

"என்னது?"

"அக்கா வேண்டாம்னு சொல்லிட்டா. உக்காருங்க."

"சின்ன வயசுல நடந்ததை இன்னுமா பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்கீங்க?"

நிலைப்படியை விட்டு அவள் நகரவில்லை.

"ஆமா," என்றாள்.

அவன் சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் அவனுக்காகப் பேசவில்லை. ஒரு கை மடித்தபடி, ஒரு கை தொங்கியபடி, கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்ப யாருதான் தூக்குறது?" என்றார் சித்தப்பா.

கூடத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நெட்டை, பேருந்து ஓட்டுநர் சீருடை. "நாங்க தூக்குறோங்க. யாரு உன்னை அடிச்சான்னு எங்கிட்ட முதல்ல கேட்டது இவங்கதான்."

"எங்கிட்டயும்," என்றார் தையல்கடைக்காரர். இன்னும் இருவர் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் அதுவரை பார்த்திராதவர்கள். யாரும் யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை.

தங்கை முன்னால் ஓடி வண்டிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

அக்காவைக் கிடத்திய பெட்டி நால்வர் தோளுக்கு ஏறியதும் ஒரு பக்கம் சாய்ந்தது. தையல்கடைக்காரர் குள்ளம். ஓட்டுநர் முழங்காலைச் சற்று மடக்கினாள். பெட்டி சமமாயிற்று. அப்படியே, குனிந்த நடையாகவே, வண்டிவரை வந்தாள்.