தலையும் இடுப்பும்

தடயவியல் கூடத்தில் அந்தத் தம்பதிக்குத் ‘தலையும் இடுப்பும்’ என்று பெயர். எந்த எலும்புக்கூடு வந்தாலும் மண்டையோட்டைக் கணவர் பார்ப்பார், இடுப்பெலும்பை மனைவி பார்ப்பாள். முடிவு சொல்லும்வரை ஒருவர் மேசையை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு முன்பே போட்ட ஒப்பந்தம்.

பாழடைந்த கல்குவாரியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. காணாமல்போன லாரி டிரைவராகத்தான் இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்திருந்தார்.

“ஆம்பளைதான்,” என்றார் கணவர். “புருவ மேடு எப்படிப் புடைச்சிருக்கு! காதுக்குப் பின்னாடி எலும்பும் நல்ல தடிமன்.”

“இங்க பொம்பளை இருக்கா,” என்றாள் அவள்.

“ஒரே பெட்டியில ரெண்டு பேரா?”

“வந்து பாருங்க.”

இடுப்பெலும்பின் பின்பக்க வளைவில் அவள் கட்டைவிரலை வைத்து ஆட்டிக் காட்டினாள். தாராளமாக இடமிருந்தது. ஆணாயிருந்தால் விரல் சிக்கிக்கொள்ளும். முன்பக்கம் எலும்புகள் சேருமிடத்திலும் கோணம் நன்றாக விரிந்திருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“சரி தாயே. மண்டை சில நேரம் ஏமாத்தும், இடுப்பு லேசுல ஏமாத்தாது. வீட்டுலயும் உன் பேச்சு, இங்கயும் உன் பேச்சா?”

“வீட்டுல எப்ப கேட்டீங்க?”

சிரித்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு வலுவான உடம்போடு யார் பெற்ற பிள்ளையோ?

கிடைத்தது அவரில்லை என்று இன்ஸ்பெக்டர் டிரைவர் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு, காணாமல்போன பெண்கள் பக்கம் திரும்பினார். அக்காவைத் தேடி அலுத்துப்போன ஒரு தம்பியின் ரத்தமும் இந்த எலும்பும் டி.என்.ஏ. சோதனையில் ஒத்துப்போயின. மழையில் குறுக்குவழியாக வந்தவள் கால் தவறி விழுந்திருக்கிறாள்.

பெட்டியை வாங்க வந்த தம்பி குச்சியாக இருந்தார்.

“அக்கா என்ன வேலை பார்த்தாங்க?” என்று அவள் கேட்டாள்.

“மூட்டை தூக்குறது. ரெண்டு ஆம்பளை தூக்குறதைத் தனியாளா தூக்குவா. பயில்வான்னு கூப்பிட்டா அவளுக்கு ஒரே பெருமை.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “முதல்ல ஆம்பளைன்னு நெனச்சீங்களாமே. கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.”

“நான்தான் அப்படி நெனச்சேன். மன்னிச்சிடுங்க,” என்றார் கணவர்.

“பரவால்ல சார். எனக்கு அண்ணன் இல்லாத குறையைத் தீர்த்தவளே அவதான்.”

பெட்டியைத் தூக்கக் கணவர் கை நீட்டினார். தம்பி விடவில்லை.

“சின்ன வயசுல என்னை எறக்கியே விடமாட்டா. இன்னைக்கு நான் தூக்கிக்கிறேன்.”

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் குடையை எடுத்துவந்து அவருக்கும் பெட்டிக்குமாகப் பிடித்தபடி கூடவே நடந்தாள். கணவர் முந்திப் போய் வாசல் கதவைத் திறந்துவிட்டார்.